‘ஃபார்மேட் செய்யவா?’: யூஎஸ்பி ஃப்ளாப்பி டிரைவோடு மூன்று வருஷம்

காரைக்குடி நண்பன் போன வாரம் போனில் கேட்டான்: “மாப்ள, வீட்ல ஒரு டப்பா நிறைய ஃப்ளாப்பி கிடக்கு. அத படிக்க நீ வச்சிருக்கியே யூஎஸ்பி டிரைவ், அது மாதிரி வாங்கலாமா?” வாங்கு, வேண்டாம் என்று ஒரே மூச்சில் இரண்டையும் சொல்லிவிட்டேன். அவன் குழம்பிப் போனான். அதற்காகத்தான் இது.

திருச்சியில் என் தாய்மாமா டிடிபி சென்டர் நடத்தினார். கடையை மூடியபோது கல்யாணப் பத்திரிகை, நோட்டீஸ், கோயில் மலர் என்று 143 ஃப்ளாப்பிகள் பரணுக்குப் போயின. மூன்று வருஷம் முன்பு அவை என் தலையில் விழுந்தன. ஆயிரத்துச் சொச்சத்துக்கு ஊர் பேர் தெரியாத கம்பெனியின் கறுப்பு டிரைவ் ஒன்று வாங்கினேன். சொருகினால் ஓடும், தனி மின்சாரம் வேண்டாம். 96 வட்டுகள் முதல் தடவையே திறந்தன, 720 கேபி பழசுகளும் சேர்த்து. இருபது வருஷத்துக்கு மேல் பரணில் வெந்த பிளாஸ்டிக்குக்கு இது பெரிய விஷயம்.

மீதியில்தான் வயிற்றெரிச்சல். வட்டு கொஞ்சம் பழுதாக இருந்தால் ‘கிர்ர்ர்... டக், கிர்ர்ர்... டக்’ என்று அரை நிமிஷம் அரைக்கும். அப்புறம் திரையில் ஒரு பெட்டி வந்து, இதை ஃபார்மேட் செய்யவா என்று கேட்கும். நெஞ்சுவலி என்று வந்தவனிடம் ‘எரித்துவிடலாமா’ என்று கேட்கிற மாதிரி. இத்தனைக்கும் சரக்கு பெரும்பாலும் உள்ளேயே இருக்கும். 1.44 எம்பி வட்டில் 2880 செக்டார், அதாவது தரவைப் பிரித்து வைக்கும் சின்னத் துண்டுகள். எந்தக் கோப்பு எங்கே என்ற விலாசமெல்லாம் முதல் 33-இல் அடக்கம். அங்கே அடிபட்டால் போதும், மீதி 2847-ஐயும் இல்லவே இல்லை என்று சாதித்துவிடும். கேட்பது விண்டோஸ், டிரைவ் அல்ல என்று எனக்கும் தெரியும். ஆனால் மேசைமேல் கைக்கு எட்டுகிற தூரத்தில் இருப்பது டிரைவ்தானே.

ஒரு ராத்திரி தூக்கக் கலக்கத்தில் நானே ஃபார்மேட்டை அழுத்திவிட்டேன். வட்டின் மூலையில் எழுதுதடைத் துளை திறந்திருந்ததால் தப்பித்தது. உள்ளே விடும் முன் அந்தச் சின்னத் தாழ்ப்பாளைத் தள்ளித் துளையைத் திறந்துவிடுங்கள். மற்றதெல்லாம் அதற்கு அப்புறம்.

நியாயமாகச் சொன்னால் முதல் ஆறு மாசம் நடந்த கூத்தில் பாதிப் பழி என்னுடையது. வட்டின் உலோக மூடியை விலக்கிப் பார்க்காமலே போட்டுக்கொண்டிருந்தேன். ஒன்றில் வெள்ளைத் திட்டாகப் பூஞ்சை. அது டிரைவின் ஹெட்டில், அதாவது வட்டைத் தொட்டுப் படிக்கும் முனையில், ஒட்டிக்கொண்டது. அடுத்துப் போட்ட நல்ல வட்டில் வட்டமாக ஒரு கோடு விழுந்து, மேல்பூச்சு போய்ப் பிளாஸ்டிக் பளபளவென்று தெரிந்தது. பூச்சு போன இடத்தில் எந்த மந்திரமும் பலிக்காது. இப்போது சந்தேகமான ஒவ்வொரு வட்டுக்கும் பிறகு ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் தொட்ட பஞ்சால் ஹெட்டை லேசாகத் துடைக்கிறேன். லேசாக என்றால் லேசாக; மேல் ஹெட் மெல்லிய தகட்டில்தான் தொங்குகிறது.

விண்டோஸை விட்டு லினக்ஸில் டிடிரெஸ்க்யூ என்ற மீட்பு மென்பொருளுக்கு மாறியதும் அந்தப் பாழாய்ப்போன பெட்டியின் தொல்லை தீர்ந்தது. இந்த மென்பொருள் முதலில் சுலபமாக வருவதை அள்ளிக்கொள்ளும், அடம்பிடிக்கும் செக்டார்களுக்குப் பிறகு வரும். எது கிடைத்தது, எது பாக்கி என்று ஒரு மேப் கோப்பில் குறித்து வைக்கும். அதே மேப்போடு வட்டை இன்னொரு டிரைவில் போட்டால் பாக்கியை மட்டும் தேடும். ஒரு டிரைவ் கைவிட்டதை வேறொன்று படித்துவிடும், ஹெட் நிற்கும் இடம் மயிரிழை மாறினாலே போதும். பக்கத்துத் தெரு ஸ்டூடியோக்காரரின் டிரைவை இரவல் வாங்கி இப்படிச் சிலதை மீட்டேன். துடைத்தும் துழாவியும் இன்னும் 31 தேறின.

பாக்கி 16. இங்கே யூஎஸ்பி டிரைவ் ஒன்றுக்கும் ஆகாது. செக்டார் சரி, இல்லையென்றால் பிழை, இவ்வளவுதான் அதற்குப் பேசத் தெரியும். கீர் ஃப்ரேசர் உருவாக்கிய கிரீஸ்வீசல் என்ற சின்னச் சர்க்யூட் பலகையை வாங்கி, ரிச்சி தெருவில் கிடைத்த 34 பின் கேபிள் போடும் பழைய டிரைவில் மாட்டினேன். இது செக்டாரைக் கேட்பதில்லை. வட்டில் காந்தம் திசை மாறும் நேரத்தை அப்படியே பதிவு செய்கிறது. வட்டு நிமிஷத்துக்கு 300 சுற்று. ஒரே தடத்தைப் பல சுற்று பதிந்துகொண்டு, நிதானமாக உட்கார்ந்து அலசலாம். 9 வந்தன, 7 போயே போய்விட்டன. நான் கோடு போட்டுக் கெடுத்தது அந்த ஏழில் ஒன்று.

வந்த கோப்புகளைத் திறந்தால் அது வேறு வேடிக்கை. பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துரு இல்லாத கணினியில் ‘தமிழ்’ என்ற சொல் ஜே, கே, பி, ஓ, ஒரு அரைப்புள்ளி என்று நிற்கும். யூனிகோடுக்கு மாற்றிய பிறகுதான் இது தன் சரக்கு என்று மாமாவே ஒத்துக்கொண்டார்.

ஆக, 143-இல் 127-ஐ அந்தக் கறுப்பு டப்பாதான் கொடுத்தது, இரவல் டிரைவின் புண்ணியத்தையும் சேர்த்து. இருந்தும் என் தீர்ப்பு: வாங்காதே. ‘கிர்ர்ர்... டக்’ இன்னும் காதில் கேட்கிறது. உன் டிரைவைக் கூரியரில் அனுப்புகிறாயா என்று நண்பன் கேட்பான். மாட்டேன், ஹெட் ஆடிவிடும். பஸ் பிடித்து ஃப்ளாப்பிகளோடு வரச் சொல்லுங்கள், என் மேசையில் வைத்துப் பார்த்துக்கொள்ளலாம். டிரைவை நான் தருவதாக இல்லை.