டயபாலிக்கா, கிரிமினலா? இத்தாலியின் இரண்டு கறுப்பு நாயகர்கள்

1962 நவம்பரில் மிலான் நகரிலிருந்து வெளிவந்த 'டயபாலிக்' காமிக்ஸ் தொடரின் முதல் இதழின் தலைப்பு 'பயங்கரத்தின் மன்னன்'. 1964 ஆகஸ்டில் வந்த 'கிரிமினல்' முதல் இதழின் தலைப்பு 'குற்றத்தின் மன்னன்'. போட்டி எதை நோக்கி என்பது தலைப்பிலேயே தெரிந்துவிடுகிறது. டயபாலிக் திருடனா? கிரிமினலும் திருடன். டயபாலிக் கொல்கிறானா? கிரிமினல் இன்னும் குரூரமாகக் கொல்வான். மூலத்தைவிடக் கறுப்பான, அதாவது இன்னும் இருண்ட, குரூரமான நகல் என்பதுதான் திட்டம். அந்தத் திட்டம் பலித்ததா என்பதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு.

டயபாலிக்கை உருவாக்கியவர்கள் ஆஞ்சலா, லூச்சானா ஜுஸ்ஸானி என்ற சகோதரிகள். தினமும் ரயிலில் வேலைக்குப் போய்வருபவர்கள் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, ஒரே பயணத்தில் படித்து முடிக்கக்கூடிய கையடக்க இதழ் வேண்டும் என்பது ஆஞ்சலாவின் எண்ணம். பெரியவர்களுக்கான காமிக்ஸ் என்று முதல் நாளே முடிவு செய்திருந்தார்கள். அது பிடித்துக்கொண்டதும் சந்தையில் பின்தொடர்ந்தவர்கள் பலர். அவர்களில் பொருட்படுத்தத் தக்கவர்கள் கிரிமினலை உருவாக்கிய கதாசிரியர் மாக்ஸ் பங்கரும் ஓவியர் மக்னுஸும்தான். இரண்டும் புனைபெயர்கள், இயற்பெயர்கள் லூச்சானோ செக்கி, ரொபெர்த்தோ ராவியோலா.

முதலில் உடையைப் பாருங்கள். டயபாலிக்குக்குக் கண்கள் மட்டும் தெரியும்படி உடலோடு ஒட்டிய கறுப்பு உடை. இரவோடு இரவாகக் கலந்து மறைவதற்கானது அது. வெளியே நடமாடும்போது அடுத்தவர் முகத்தை அப்படியே நகலெடுத்த முகமூடி. கிரிமினல் அணிவது மஞ்சள் உடை. அதன்மேல் கறுப்பில் எலும்புக்கூடு, தலையில் மண்டையோட்டு முகமூடி. மறைய நினைப்பவன் அணியும் உடையா இது? தான் வந்திருப்பது பலியாளுக்குத் தெரிய வேண்டும், அவர் நடுங்க வேண்டும். டயபாலிக்குக்கு நகைதான் குறி, கொலை வழியில் வரும் வேலை. கிரிமினலுக்குக் கொலையே அரங்கேற்றம்.

இந்த அரங்கேற்றத்துக்கு மக்னுஸின் தூரிகை கிடைத்தது பெரும் பேறு. ஓவியத்தில் ஒப்பிட்டால் ஆரம்ப கால டயபாலிக் எழுந்து நிற்கவே முடியாது. முதல் இதழின் ஓவியம் அவ்வளவு பலவீனம். ஓவியர் என்ஸோ ஃபச்சோலோ வந்த பிறகுதான் அந்தக் கூர்மையான கண்களும் சீரான முகமும் நிலைபெற்றன. மக்னுஸோ தொடக்கத்திலிருந்தே கறுப்பைக் கொட்டி வரைந்தார். பக்கத்துக்கு இரண்டு மூன்று கட்டங்கள் மட்டுமே பிடிக்கும் சின்ன இதழில், பாதிக் கட்டத்தை நிழல் விழுங்கியிருக்க, மீதியில் ஒரு மண்டையோடு சிரிக்கும். ஓவியத்துக்காக மட்டும் ஒன்றை எடுக்கச் சொன்னால் கண்ணை மூடிக்கொண்டு கிரிமினலை எடுப்பேன்.

ஆனால் யார் அதிகக் கறுப்பு என்று கேட்டால் என் பதில் வேறு. கிரிமினலுக்கு ஒரு கடந்தகாலம் இருக்கிறது. இங்கிலாந்தைச் சேர்ந்த ஆந்தணி லோகன் என்ற அந்த இளைஞனின் தந்தையை, கூட இருந்தவர்களே ஏமாற்றி அழித்தார்கள். அவர் தற்கொலை செய்துகொண்டார். மகன் பழிவாங்கக் கிளம்புகிறான். எத்தனை கழுத்தை அறுத்தாலும் வாசகர் மனத்தில் ஒரு மூலையில் கணக்கு நேராகிக்கொண்டே இருக்கிறது: பாவம், அவனுக்கும் அநியாயம் நடந்ததே. ரத்தம் அதிகம், சதை அதிகம். ஆனால் அந்த நியாயம் உள்ளே நுழைந்த கணமே இருட்டில் ஒரு ஜன்னல் திறந்துவிடுகிறது.

டயபாலிக்கில் அந்த ஜன்னல் கிடையாது. அவன் ஏன் இப்படி ஆனான் என்று ஐந்து ஆண்டுகளுக்கும் மேலாக ஜுஸ்ஸானி சகோதரிகள் சொல்லவே இல்லை. 1968இல் 'டயபாலிக், நீ யார்?' என்ற இதழில்தான் முதல்முறையாக வாய் திறக்கிறான், அதுவும் தன்னைத் துரத்தும் இன்ஸ்பெக்டர் கிங்கோவிடம். இருவரும் ஒரே இடத்தில் கைதிகள். மரணம் நிச்சயம் என்ற நிலை. குற்றவாளிகள் வாழும் ஒரு தீவில் வளர்ந்ததாகவும், அந்தத் தீவின் தலைவன் கிங் கொன்ற ஒரு கருஞ்சிறுத்தையின் பெயரையே தான் வைத்துக்கொண்டதாகவும் சொல்கிறான். தன்னைப் பெற்றவர்கள் யார் என்பது அவனுக்கே தெரியாது. அழவும் இல்லை, மன்னிப்புக் கேட்கவும் இல்லை. வாசகர் பிடித்துக்கொள்ள ஒரு துரும்பு கூட இல்லை. எனக்கு இதுதான் உண்மையான இருட்டு.

அவன் மனிதனாகத் தெரிவது ஏவா கான்டின் அருகில் மட்டும். மூன்றாவது இதழில் அவள் அறிமுகமாகும் விதத்தைச் சொல்லாமல் விட முடியாது. பிடிபட்ட டயபாலிக்குக்குத் தலைவெட்டும் இயந்திரம் காத்திருக்கிறது. அவனைக் காப்பாற்ற முடிவெடுக்கும் ஏவா, அரசு உயரதிகாரி காரோனைச் சிக்கவைக்கிறாள். டயபாலிக்கின் முகமூடியோடு காரோனின் தலை விழுகிறது. காதல் கதை இப்படித் தொடங்குகிறது! அன்றிலிருந்து ஏவா அவனுக்குச் சமமான கூட்டாளி. திட்டம் போடுவதில் சில சமயம் அவனைவிட ஒரு படி மேல். அறுபதுகளின் இத்தாலியில் இரண்டு பெண்கள் எழுதிய இந்தப் பெண்ணுக்கு ஈடாகக் கிரிமினலில் யாரும் இல்லை. கிரிமினலின் துணைவி லோலா ஹட்சன் நல்ல பாத்திரம்தான். ஆனால் தொடக்க இதழ்களில் பெண்கள் பெரும்பாலும் அரைகுறை ஆடையில் பலியாவதற்காகவே வருகிறார்கள். அதைப் பாராட்ட எனக்கு மனம் வரவில்லை.

விரைவிலேயே பத்திரிகைகளும் நீதிமன்றங்களும் இந்த வகைக் காமிக்ஸ்மீது பாய்ந்தன. இரண்டு தொடர்களும் பல்லை மழுக்கிக்கொண்டன. டயபாலிக் அப்பாவிகளை விட்டுவிட்டு, முறைகேடாகச் சொத்துச் சேர்த்தவர்களைக் குறிவைக்கத் தொடங்கினான். அவனுக்கு இது பொருந்தியது. கொலை அவனுக்கு எப்போதுமே கருவிதானே. கொடூரத்தையே முதலாக வைத்துக் கடை திறந்த கிரிமினலுக்கு இழப்பு பெரிது. பங்கர் சாமர்த்தியமாக அவனைக் குடும்பம், துயரம் என்று திருப்பினார். சில கதைகள் மனத்தைத் தொடவும் செய்தன. ஆனாலும் 1974இல், 419 இதழ்களோடு கிரிமினல் நின்றுபோனான். மக்னுஸும் பங்கரும் அதற்கு முன்பே, 1969இல், 'ஆலன் ஃபோர்டு' என்ற நகைச்சுவைத் தொடரைத் தொடங்கியிருந்தார்கள். அதே ஆண்டில் டிஸ்னியின் டொனால்ட் டக் கூட இத்தாலியில் டயபாலிக்கைப் பார்த்து முகமூடி மாட்டிக்கொண்டது. டயபாலிக் இன்றும் மாதந்தோறும் வந்துகொண்டிருக்கிறான்.

இரண்டில் எதை முதலில் படிப்பது? டயபாலிக்கின் முதல் இதழைத் தாண்டி மூன்றாவதில் தொடங்குங்கள், பிறகு நேரே 1968ஆம் ஆண்டின் 'நீ யார்?' கதைக்குப் போங்கள். கிரிமினலில் மக்னுஸ் வரைந்த ஆரம்ப கால இதழ்கள் போதும். பலவீனமான மனம் உள்ளவர்கள் அவற்றை வாங்கும் முன் சில பக்கங்களைப் புரட்டிப் பார்ப்பது நல்லது.