பெயரை மறைப்பதா, குழுவை நம்புவதா, ஊரறியப் பேசுவதா: ஆய்விதழ்களின் மூன்று மதிப்பீட்டு முறைகள்

பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) ஏற்ற ஆய்விதழ்களின் பட்டியலான யுஜிசி-கேர் 2025 பிப்ரவரியோடு முடிவுக்கு வந்தது. எந்த ஆய்விதழ் நம்பத்தக்கது என்று இனி டெல்லியிலிருந்து பட்டியல் வராது. சில அளவுகோல்களைப் பரிந்துரைத்துவிட்டு, முடிவைக் கல்வி நிறுவனங்களிடமும் கட்டுரை அனுப்புகிறவர்களிடமும் விட்டுவிட்டார்கள். பட்டியல் இருந்த காலத்திலும் நிலைமை சொல்லிக்கொள்ளும்படி இல்லை. கேருக்கு முந்தைய பட்டியலிலிருந்து 2018 மே மாதத்தில் 4,305 இதழ்களை ஒரேயடியாக நீக்க வேண்டியிருந்தது. நீக்கப்பட்டவற்றில் பலவும் தம்மை 'பீர் ரிவ்யூட்', அதாவது துறை அறிஞர்கள் மதிப்பிட்ட கட்டுரைகளையே வெளியிடுபவை, என்றுதான் சொல்லிக்கொண்டன. மூன்றே நாளில் ஏற்புக் கடிதம் தருவதாக வாட்ஸ்அப்பில் ஆள் பிடிக்கும் இதழும் அதையேதான் சொல்கிறது.

ஆகவே அந்த முத்திரையை ஒதுக்கிவைத்துவிட்டு, கட்டுரை உள்ளே போன பிறகு யார் கையில் போகிறது, யார் முடிவு எடுக்கிறார் என்று பார்ப்பதுதான் பயனுள்ளது. இலக்கியம், வரலாறு, தத்துவம் போன்ற துறைகளில் இது இன்னும் முக்கியம். இங்கே பெரும்பாலும் விளக்கம்தான் சரக்கு; ஒரு கட்டுரையை ஒருவர் அபாரம் என்பதும் இன்னொருவர் வெற்றுப்பேச்சு என்பதும் இரண்டுமே நேர்மையான கருத்துகளாக இருக்கலாம். மூன்று வழிகள் நடைமுறையில் உள்ளன: இதழின் குழுவே படித்து முடிவெடுப்பது, இரு தரப்பின் பெயரையும் மறைத்து வெளி அறிஞர்களிடம் அனுப்புவது, எல்லோர் பெயரும் தெரியப் பொதுவெளியில் விவாதிப்பது.

குழு முடிவெடுக்கும் முறைக்குப் பெரிய கெட்ட பெயர் வாங்கித் தந்தது 'சோஷியல் டெக்ஸ்ட்'. டியூக் பல்கலைக்கழகப் பதிப்பகம் வெளியிடும் இதழ் அது. 1996-இல், அறிவியல் உண்மைகளும் சமூகம் உருவாக்கியவைதானா என்ற சண்டைகளுக்கென்று ஒரு சிறப்பிதழ் போட்டார்கள். அதில் நியூயார்க் பல்கலைக்கழக இயற்பியல் பேராசிரியர் ஆலன் சோக்கலின் கட்டுரை வந்தது. குவாண்டம் ஈர்ப்பு விசையையும் பின்நவீனத்துவத்தையும் முடிச்சுப்போட்டு, நூற்றுக்கும் மேல் அடிக்குறிப்புகளோடு எழுதிய கட்டுரை. வெளிவந்த கையோடு, அது வேண்டுமென்றே அபத்தமாக எழுதிய கிண்டல் என்று சோக்கலே வேறொரு பத்திரிகையில் போட்டு உடைத்தார். அந்தக் காலத்தில் சோஷியல் டெக்ஸ்ட் கட்டுரைகளை வெளி மதிப்பீட்டுக்கு அனுப்புவதில்லை. ஒரு ஆசிரியர் குழு கூடிப் பேசி முடிவெடுத்தது. இயற்பியல் தெரிந்த ஒருவரிடம் காட்டியிருந்தால் அரை மணி நேரத்தில் குட்டு வெளிப்பட்டிருக்கும் என்று உலகமே சொன்னது.

இந்தக் கதையில் அதிகம் பேசப்படாத ஒரு விவரம் உண்டு. கட்டுரை இதழாசிரியர்களுக்குத் திருப்தியாக இல்லை. தத்துவப் பேச்சைக் குறைக்கச் சொன்னார்கள், அடிக்குறிப்புகளை வெட்டச் சொன்னார்கள்; சோக்கல் மறுத்தார். அதன் பிறகும், தங்கள் பக்கம் பேசும் ஒரு இயற்பியலாளர் கிடைத்தாரே என்று சிறப்பிதழில் சேர்த்துக்கொண்டார்கள். என் பார்வையில் கோளாறு இங்கேதான் இருக்கிறது. சந்தேகம் வந்தது, ஆனால் வந்த சந்தேகத்தை யாரிடம் கேட்டுத் தீர்ப்பது என்று அவர்களிடம் ஒரு விதி இல்லை.

அதற்காகக் குழு முறையே மோசம் என்று சொல்லிவிட முடியாது. தமிழில் நா. வானமாமலை 1969-இல் தொடங்கிய 'ஆராய்ச்சி' இதழை எடுத்துக்கொள்ளுங்கள். நெல்லை ஆய்வுக் குழுவின் கூட்டங்களில் படித்து விவாதித்த கட்டுரைகள் அதில் வந்தன. பெயர் மறைப்பு எதுவும் கிடையாது. எழுதியவர் எதிரே உட்கார்ந்திருப்பார், கேள்வி நேராக வரும். பல்கலைக்கழகத்துக்கு வெளியே இருந்த ஆட்களை நாட்டார் வழக்காற்று ஆய்வுக்குள் கொண்டுவந்ததில் அந்த வட்டத்துக்குப் பெரிய பங்கு உண்டு. பெயர் மறைத்த வெளி மதிப்பீடு வைத்திருந்தால் அந்தக் கட்டுரைகளில் பாதி நடையைக் காரணம் காட்டியே திரும்பி வந்திருக்கும் என்பது என் ஊகம். ஆனால் இப்படிப்பட்ட இதழின் தரம் ஓர் ஆளின் தரம்தான். அவர் போனால் இதழும் போகும், அல்லது பெயர் மட்டும் மிஞ்சும்.

சரி, பெயர் மறைக்கும் முறைக்கு வருவோம். இதற்கு அமெரிக்க நவீன மொழிச் சங்கத்தின் 'பிஎம்எல்ஏ'வை விடக் கறாரான உதாரணம் கிடைப்பது கடினம். 1884-இல் தொடங்கிய இதழ். கட்டுரையாளர் பெயரை மறைப்பது என்ற முடிவுக்கு வந்ததோ 1980 வாக்கில்தான். அங்கே கட்டுரை வழக்கமாக இரண்டு பேரிடம் போகும்: ஒருவர் துறை வல்லுநர், மற்றவர் ஆலோசனைக் குழு உறுப்பினர். அவர்கள் பரிந்துரைத்தால் ஆசிரியர் குழுவுக்கு வரும். குழுவினர் இதழாசிரியரோடு கூடி உட்கார்ந்து தீர்மானிப்பார்கள். முடிவு எடுக்கும் வரை எழுதியவர் யார் என்பது படித்தவர்களுக்கும் தெரியாது, குழுவுக்கும் தெரியாது, இதழாசிரியருக்கும் தெரியாது. கடைசியாகச் சொன்னதுதான் கவனிக்க வேண்டியது. எழுதியவருக்கும் மதிப்பிடுபவருக்கும் ஒருவர் பெயர் மற்றவருக்குத் தெரியாது என்ற பொருளில் 'டபுள் பிளைண்ட்' என்று போட்டுக்கொள்ளும் பெரும்பாலான இதழ்களில் இதழாசிரியருக்குப் பெயர், கல்லூரி, ஊர் எல்லாமே தெரியும். வெளி மதிப்பீட்டுக்குப் போகாமலே திருப்பி அனுப்புவதென்ற முதல் வடிகட்டல் அவர் மேஜையில்தான் நடக்கிறது. அங்கே பெயர் திறந்து கிடந்தால், பிறகு மறைப்பதில் பாதிப் பயன் போய்விடுகிறது. ஆங்கிலத் தத்துவ இதழ்கள் சில இதைப் புரிந்துகொண்டு இதழாசிரியரிடமும் பெயரை மறைக்கின்றன. தத்துவத்துறையினர் இதை மூன்றடுக்கு மறைப்பு என்கிறார்கள்.

பெயர் மறைப்பை எதிர்த்து எழுந்த குரல்களில் மிகவும் சுவையானது ஸ்டான்லி ஃபிஷ்ஷுடையது. ஆங்கிலக் கவிஞர் மில்டனைப் பற்றிய ஆய்வில் பெரிய பெயர். அவர் தன் எதிர்ப்பை 1988-இல் பிஎம்எல்ஏவிலேயே கட்டுரையாக வெளியிட்டார். ஆளிடமிருந்து பிரித்தெடுத்த தூய தகுதி என்று ஒன்று இல்லவே இல்லை என்பது அவர் வாதம். ஒரு கருத்தை யார் சொல்கிறார் என்பது அந்தக் கருத்தின் கனத்தில் சேர்ந்ததுதான். துறையை வடிவமைத்த ஒருவர் தன் பழைய நிலைப்பாட்டை மாற்றிக்கொண்டால் அதுவே செய்தி, பெயரை எடுத்துவிட்டால் செய்தியும் போய்விடும். இன்னொன்றையும் ஒளிக்காமல் சொன்னார்: என் பெயர் இருந்தால் என் கட்டுரை ஏற்கப்படும் வாய்ப்பு கூடுகிறது, அதனாலேயே நான் இந்த முறைக்கு எதிரி. இந்த வெளிப்படைத்தன்மை எனக்குப் பிடிக்கும். ஆனால் வாதத்தைத் திருப்பிப் போட்டால் அதுவே மறைப்புக்கான காரணமாகிவிடுகிறது. ஃபிஷ்ஷுக்குக் கூடுகிற வாய்ப்பு யாரோ ஒருவருக்குக் குறைகிறது. அந்த யாரோ ஒருவர், பெயர் கேள்விப்படாத ஊரின் கலைக் கல்லூரியில் வேலை பார்ப்பவராக இருக்கலாம்.

பிஎம்எல்ஏவும் முழுக்கத் துறவு பூண்டுவிடவில்லை. இதழாசிரியர் அழைத்து எழுதவைக்கும் பகுதிகள் அதில் உண்டு. பெரிய பெயர்கள் அந்த வாசல் வழியாக வருகிறார்கள். ஃபிஷ்ஷின் வாதத்தை அவர்கள் நிராகரிக்கவில்லை, தனி அறையில் குடிவைத்துவிட்டார்கள் என்று சொல்லலாம்.

பெயர் மறைப்புக்கு இரண்டு பலவீனங்கள் உண்டு. முதலாவது, சின்னத் துறைகளில் அது வெறும் சடங்கு. குறிப்பிட்ட ஒரு வட்டாரத்தின் கல்வெட்டுகளை வைத்து வேலை செய்கிறவர்கள் உலகத்தில் ஐந்தாறு பேர்தான் என்றால், இரண்டாம் பக்கத்தைப் புரட்டும் முன்பே ஆள் யார் என்று தெரிந்துவிடும். 'முந்தைய ஆய்வு காட்டியபடி' என்று தன் கட்டுரையையே நான்கு முறை மேற்கோள் காட்டுகிறவர்கள் இன்னும் வசதி செய்து கொடுக்கிறார்கள். மதிப்பீட்டாளரும் அப்படித்தான்: 'இந்த நூலை ஏன் பார்க்கவில்லை' என்று கேட்கப்படும் நூல் யாருடையது என்று பார்த்தால் போதும்.

இரண்டாவது பலவீனம் 2018-இல் அம்பலமானது. ஹெலன் பிளக்ரோஸ், ஜேம்ஸ் லிண்ட்சே, பீட்டர் பகோசியன் என்ற மூவர் சேர்ந்து 20 போலிக் கட்டுரைகளைப் பாலினம், பண்பாடு சார்ந்த இதழ்களுக்கு அனுப்பினார்கள். குட்டு உடைந்தபோது 7 ஏற்கப்பட்டிருந்தன. அவற்றில் 4 வெளியாகியும் விட்டன. மிகவும் பேசப்பட்டது 'ஜென்டர், பிளேஸ் அண்ட் கல்ச்சர்' இதழில் வந்து பிறகு திரும்பப் பெறப்பட்ட கட்டுரை. நாய்களை உலாவ விடும் பூங்காக்களில் ஆயிரக்கணக்கான நாய்களைச் சோதித்ததாக அதில் புளுகியிருந்தார்கள். சோஷியல் டெக்ஸ்டைப் போல இவை குழுவாகக் கூடி முடிவெடுக்கும் இதழ்கள் அல்ல. முறைப்படி வெளி மதிப்பீட்டுக்கு அனுப்புகிறவை. எழுதியவரின் பெயரே கற்பனை என்றால் மறைப்பு என்ன செய்யும்? பாரபட்சத்தைக் குறைப்பதற்காக வந்த ஏற்பாடு அது. பொய்யைப் பிடிப்பதற்காக வந்ததல்ல. மதிப்பீட்டாளர் தரவை நம்பித்தான் வாதத்தைப் படிக்கிறார். களக்குறிப்பைக் காட்டு என்று எந்த மானுடவியல் மதிப்பீட்டாளரும் வழக்கமாகக் கேட்பதில்லை. 1996-இல் வெளி மதிப்பீடு இல்லாததைக் குறை சொன்னவர்கள் 2018-ஐயும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

மூன்றாவது வழி, எல்லாவற்றையும் திறந்து வைப்பது. 'ஷேக்ஸ்பியர் குவார்ட்டர்லி' 2010-இல் இதைச் செய்து பார்த்தது. வாஷிங்டனில் உள்ள ஃபோல்ஜர் ஷேக்ஸ்பியர் நூலகத்தின் இதழ். இருப்பதிலேயே பழமைப் பிடிப்புள்ள துறைகளில் ஒன்று. ஷேக்ஸ்பியரும் புதிய ஊடகங்களும் என்ற சிறப்பிதழுக்காக, இன்னும் ஏற்காத நான்கு கட்டுரைகளை இணையத்தில் போட்டார்கள். அழைக்கப்பட்ட வல்லுநர்கள் கருத்து எழுதினார்கள். மற்றவர்களும் எழுதலாம், ஆனால் சொந்தப் பெயரில் பதிவு செய்துகொண்டுதான். 41 பேர் 350-க்கும் மேற்பட்ட கருத்துகள் போட்டார்கள். கட்டுரையாளர்கள் பலவற்றுக்கு அங்கேயே பதில் சொன்னார்கள். திருத்திய பிறகு இறுதி முடிவு இதழாசிரியர்களிடமே இருந்தது.

வழக்கமான இரண்டு பேர் அறிக்கையோடு ஒப்பிட்டால் இது விருந்துதான். ஆனால் 41 பேர் நேரம் ஒதுக்கியது ஒரு சிறப்பிதழுக்கு. ஆண்டு முழுவதும், ஒவ்வொரு கட்டுரைக்கும், அதே ஆர்வத்தை யார் தருவார்கள்? அப்புறம், வேலை நிரந்தரமாகாத ஒருவர், நாளைக்குத் தன் நேர்காணலில் உட்காரக்கூடிய மூத்த பேராசிரியரின் கட்டுரையைச் சொந்தப் பெயரில் 'இந்த வாதம் நிற்கவில்லை' என்று எழுதுவாரா? நம் பல்கலைக்கழகத் துறைகளைத் தெரிந்தவர்களுக்கு இதற்கு விடை சொல்லத் தேவையில்லை. பெயர் தெரிந்தால் கண்ணியம் கூடும் என்கிறார்கள். கண்ணியத்தோடு மௌனமும் கூடும்.

திறந்த முறை நன்றாக ஓடுகிற இடமும் உண்டு. 'புரோகிராமிங் ஹிஸ்டோரியன்' என்ற இதழ், வரலாற்றாய்வாளர்களுக்குக் கணினி வழிமுறைகளைக் கற்றுத்தரும் பாடங்களை வெளியிடுகிறது. ஆங்கிலத்தில் தொடங்கி ஸ்பானியம், பிரெஞ்சு, போர்த்துகீசியத்திலும் வருகிறது. அதன் மதிப்பீடு, நிரலாளர்கள் பயன்படுத்தும் கிட்ஹப் தளத்தில் எல்லோரும் பார்க்க நடக்கிறது. வாதத்தில் மோதல் வந்தால் தனியாக அணுகுவதற்கு ஒரு குறைதீர்ப்பாளரையும் வைத்திருக்கிறார்கள். அங்கே திறந்த முறை வேலை செய்வதற்குக் காரணம் பாடப்பொருளே: ஆறாவது வரியில் நிரல் ஓடவில்லை என்று சொல்வதில் யாருக்கும் மனத்தாங்கல் இல்லை. உன் பாரதி வாசிப்பு ஓடவில்லை என்று அதே தொனியில் சொல்ல முடியாது.

இப்போது தேர்வு. முதல் கட்டுரை அனுப்பும் முனைவர் பட்ட மாணவர் என்றால் பெயர் மறைக்கும் இதழுக்கே அனுப்பச் சொல்வேன்; இதழாசிரியருக்கும் பெயர் தெரியாத இடம் கிடைத்தால் இன்னும் நல்லது. பொய்யைப் பிடிக்காத முறை என்பது அவருடைய கவலை அல்ல; தன் முகவரி தனக்கு எதிராக நிற்கக் கூடாது என்பதே கவலை. தரவுத்தொகுப்பு, மின்பதிப்பு, வழிமுறை சார்ந்த வேலை என்றால் திறந்த முறை. துணிச்சலான, துறைகளுக்கு நடுவே நிற்கிற கட்டுரைக்குக் குழு முறை கைகொடுக்கும். இரண்டு மதிப்பீட்டாளர்களையும் திருப்திப்படுத்த வேண்டும் என்ற நிலையில் அப்படிப்பட்ட கட்டுரைதான் முதலில் முனை மழுங்குகிறது. ஒரே இதழுக்குள் இரண்டு முறைகளும் இருக்கலாம். 'எகனாமிக் அண்ட் பொலிட்டிக்கல் வீக்லி'யில் நீண்ட சிறப்புக் கட்டுரைகள் பெயர் மறைத்த வெளி மதிப்பீட்டுக்குப் போகும். முன்பக்கங்களில் வரும் குறுங்கருத்துரைகளின் கணக்கு வேறு. தன்விவரத்தில் இரண்டையும் ஒரே தட்டில் வைக்கிறவர்களை நேர்காணல் குழு சரியாகவே மடக்குகிறது.

எந்த முறையானாலும் இதழின் கொள்கைப் பக்கத்தில் நான் தேடுவது, இரண்டு மதிப்பீட்டாளர்கள் எதிரும் புதிருமாகச் சொன்னால் என்ன நடக்கும் என்ற வரியைத்தான். மூன்றாமவரிடம் போகுமா, இதழாசிரியரே பொறுப்பெடுத்துக்கொள்வாரா? இதைச் சொல்லாத பக்கம் பெரும்பாலும் வேறு இதழிலிருந்து நகலெடுத்த பக்கம். அடுத்து, ஆட்கள். மொழியியல் இதழான 'லிங்குவா'வின் இதழாசிரியர்களும் ஆசிரியர் குழுவும் 2015-இல் அதன் பதிப்பகமான எல்செவியரோடு மோதி ஒட்டுமொத்தமாக விலகி, 'குளோசா' என்ற, யாரும் இலவசமாகப் படிக்கக்கூடிய திறந்த அணுக்க இதழைத் தொடங்கினார்கள். லிங்குவா என்ற பெயர் பழைய இடத்திலேயே தங்கிவிட்டது. மதிப்பீடு செய்த கைகள் வேறு இடம் போய்விட்டன.

கடைசியில் பணம். பணம் கேட்டாலே மோசடி என்று நம்மூரில் ஒரு விதி சொல்லிக்கொள்கிறோம், அது முழுக்கச் சரியில்லை. மிச்சிகன் பல்கலைக்கழகத்திலிருந்து வரும் 'ஃபிலாசஃபர்ஸ் இம்ப்ரிண்ட்' மதிப்புள்ள தத்துவ இதழ். கட்டுரை அனுப்பும்போதே சிறு கட்டணம் வாங்கும் வழக்கம் அதற்கு உண்டு. ஏற்றாலும் நிராகரித்தாலும் தொகை அதேதான், அதனால் ஏற்பதில் இதழுக்குத் தனி லாபம் இல்லை. ஏற்புக் கடிதமும் வங்கிக் கணக்கு எண்ணும் ஒரே மின்னஞ்சலில், மதிப்பீட்டாளர் அறிக்கை ஒன்றுகூட இல்லாமல் வந்தால், அந்த இதழ் எந்த முறையைப் பின்பற்றுகிறது என்று ஆராய வேண்டிய வேலை இல்லை.