ராயக்கோட்டை ரோட்டு நர்சரியில் வாங்கிய மூங்கில் கன்றுகள்: நாலு மழை பார்த்த பிறகு

மூங்கில் கன்றை வாங்கின மறுநாளே அதைப் பற்றி எழுத முடியாது. நட்டு, இரண்டு கோடை தாண்டி, மூன்றாவது மழைக்கு என்ன முளை வருகிறது என்று பார்த்தால்தான் வாங்கினது சரியா தப்பா என்று தெரியும். நான் 2021 ஆடியில் வாங்கினேன். நாலு மழை ஆகிவிட்டது, அதனால் இப்போது எழுதுகிறேன்.

எங்கள் இடம் காவேரிப்பட்டணத்துக்கும் பாலக்கோட்டுக்கும் நடுவில், 60 சென்ட், சரளை கலந்த செம்மண். வீட்டுக்கு மேற்கே ரோடு. கிரானைட் லாரி கிளப்புகிற புழுதி ஆடிக் காற்றோடு சேர்ந்து நேராக அடுப்பங்கரைக்குள் வரும். சவுக்கு வைக்கலாம் என்றார் வீட்டுக்காரர், நான் மூங்கில்தான் என்று நின்றேன். மாமியாருக்குத்தான் பயம், வேர் ஓடிவந்து சுவரைப் பிளந்துவிடும் என்று யாரோ அவருக்கு வீடியோ காட்டியிருந்தார்கள். அந்த வீடியோவில் இருப்பது குளிர்நாட்டு மூங்கில், அதன் கிழங்கு மண்ணுக்குள் கயிறு மாதிரி ஓடி எங்கோ தள்ளி முளைக்கும். நம் ஊர் வெயிலில் வளர்கிறவை பெரும்பாலும் குத்தாக வளர்கிற வகை. இவற்றின் கிழங்கு குட்டையாக, தடியாக இருக்கும், கொஞ்ச தூரம் போனதும் நுனி மேலே திரும்பி அதுவே கழியாகிவிடும். அதனால் குத்து வருடத்துக்கு ஒன்றிரண்டு சாண் அகலமாகும், அவ்வளவுதான். அப்படியும் சுவருக்குப் பத்தடி தள்ளித்தான் வைத்தேன், ஏனென்றால் பத்து வருடத்தில் அந்தக் குத்துக்குள் கை நுழையாது, சுற்றி வந்து வெட்ட இடம் வேண்டும்.

சரி, நர்சரி. போனதும் ஆளுயரக் கன்று, இடுப்புயரக் கன்று, முழங்கால் உயரக் கன்று என்று வரிசையாக இருந்தன, நான் நேராக ஆளுயரத்துக்குப் போனேன். அங்கே தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த ஒரு பாட்டிதான் தடுத்தார். "உசரத்தப் பாக்காத கண்ணு, அடியப் பாரு" என்று சொல்லி ஒரு பையைச் சாய்த்துக் காட்டினார். முழங்கால் உயரம்தான், ஆனால் தூரில் ஐந்தாறு தண்டு, நடுவில் ஈர்க்குச்சி தடிமனில் புதிதாக ஒரு முளை, பையின் ஓட்டை வழியாக வெள்ளை வேர். ஆளுயரக் கன்றில் ஒற்றைத் தண்டு, முளையே இல்லை. மூங்கிலில் ஒரு கழி எந்தத் தடிமனில் மண்ணைவிட்டு வருகிறதோ கடைசிவரை அதே தடிமன்தான், வருடம் போகப் போகப் பெருக்காது. அடுத்து வரும் முளைதான் முந்தினதைவிடத் தடியாக வரும். அதனால் கையில் வாங்குகிற தண்டு எவ்வளவு உயரம் என்பதற்கு அர்த்தமே இல்லை, கிழங்குக்கு முளைவிடும் தெம்பு இருக்கிறதா என்பதுதான் விஷயம். இந்த ஒரு பாடத்துக்காகவே அந்த நர்சரிக்கு நான் கடன்பட்டிருக்கிறேன்.

வாங்கினது 31 கன்று. வேலிக்கு மல்டிபிளெக்ஸ் என்கிற சின்ன இலை மூங்கில் 15, கன்று 90 ரூபாய். கழிக்கு முள்ளில்லா மூங்கில் 12, கன்று 70 ரூபாய், பால்கோவா என்கிற மூங்கில் இனத்திலிருந்து தேர்ந்தெடுத்துத் திசு வளர்ப்பில் பெருக்கிய பீமா வகை என்று சொன்னார்கள். அழகுக்கு மஞ்சள் மூங்கில் 4, கன்று 180 ரூபாய்.

மல்டிபிளெக்ஸுக்கு என் முழு மனதான பாராட்டு. நாலடிக்கு ஒன்று நட்டேன். இரண்டு கன்றைப் பக்கத்து வீட்டு ஆடு தின்றுவிட்டது, மீதி 13 இப்போது 12 அடி உயரத்தில் தரைவரை இலையோடு நிற்கின்றன. அடுப்பங்கரை ஜன்னலைத் திறந்து வைத்துச் சமைக்கிறேன், இதைவிட என்ன சொல்வது. மஞ்சள் மூங்கிலும் நன்றாக வந்தது, மஞ்சள் கழியில் பச்சைக் கோடு தூரிகையால் இழுத்த மாதிரி இருக்கிறது, ஒரு கணுவில் இருக்கிற மாதிரி இன்னொன்றில் இருப்பதில்லை. மழைக்காலத்தில் இதன் முளையைப் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள், மட்டை முழுக்கக் கரும்பழுப்பு முடி, தொட்டுவிட்டால் சாயங்காலம் வரை அரிக்கும். நல்ல மழைக்கு அடுத்த நாள் ஒரு சாண் ஏறியிருக்கும்.

குறை முள்ளில்லா மூங்கிலில். பன்னிரண்டில் இரண்டு முள் மூங்கில். விதையில் வளர்த்த முள் மூங்கில் பைகளைப் பக்கத்திலேயே அடுக்கியிருந்தார்கள், ஏற்றும்போது கலந்திருக்கிறது. சின்னதில் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. இரண்டாவது வருடம் அடிக்கிளையில் வளைந்த முள் வந்து என் பையனின் கையைக் கிழித்த பிறகுதான் புரிந்தது. நர்சரிக்காரர் மறுபேச்சு பேசாமல் இரண்டு கன்று மாற்றிக் கொடுத்தார், அது நல்ல குணம். ஆனால் குத்தைத் தோண்டி எடுக்க ஜேசிபிக்குக் கொடுத்த பணம் என்னோடுதான் போயிற்று, அதைக் கேட்டபோது பதில் இல்லை. ஒவ்வொரு பையிலும் பெயர் எழுதி ஒரு அட்டை கட்டியிருந்தால் இது நடந்திருக்காது. மீதிப் பத்தும் சொன்ன மாதிரியே வந்திருக்கின்றன.

முதல் இரண்டு கோடை தண்ணீர் கொடுத்தால் பிறகு தாங்கிக்கொள்ளும் என்று நர்சரியில் சொன்னது உண்மை. முதல் இரண்டு கோடைக்குச் சொட்டுநீர் விடாமல் கொடுத்தேன். மூன்றாவது கோடையில் எங்கள் போர் இறங்கிவிட்டது, வாரம் ஒருமுறைதான் கொடுக்க முடிந்தது, பாதி இலையை உதிர்த்துவிட்டு நின்றது, மழை வந்ததும் தழைத்துவிட்டது. உதிர்ந்த இலையைக் கூட்டி எரிக்காதீர்கள், அதில் சிலிக்கா இருக்கிறது, தூரிலேயே மூடாக்காகப் போட்டுவிடுங்கள், அதற்கு அதுதான் உரம்.

கழி வெட்டுவதில் நான் ஒரு தப்பு செய்தேன். பந்தலுக்கு அவசரம் என்று ஐப்பசி மழையில் வெட்டினேன், அதுவும் ஒரு வயதுக் கழி. மூன்று மாதத்தில் ஊசித் துளையாக விழுந்து, அடியில் மாவு மாதிரி மஞ்சள் தூள் கொட்டி, மொத்தமும் உளுத்துப் போயிற்று. இளங்கழியில் மாவுச்சத்து அதிகம், வண்டுக்கு அது சோறு. இப்போது மூன்று வயது தாண்டினதை மட்டும் தை, மாசியில் வெட்டுகிறேன், கணுவை ஒட்டி மேலே வெட்டினால்தான் மீதி அடிக்கட்டையில் மழைத் தண்ணீர் தேங்காது. போராக்ஸும் போரிக் ஆசிடும் கலந்த தண்ணீரில் ஊறவைத்து நிழலில் காயவைத்த கழிதான் இன்று எங்கள் தக்காளிக்கும் அவரைப் பந்தலுக்கும் நிற்கிறது. ஒகேனக்கல்லில் பரிசல் கட்டுகிற ஒரு உறவுக்காரர் வந்தபோது நேர்மாறாகக் கேட்டார், முற்றினது வேண்டாம், பிளந்து பின்னுவதற்கு இளசுதான் வளையும் என்று இரண்டு வயதுக்குக் கீழே உள்ளதாகப் பார்த்து எடுத்துப் போனார். அதனால் பெயிண்டில் ஒவ்வொரு கழியிலும் முளைத்த வருடத்தை எழுதி வைக்கிறேன்.

தளி, அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் காட்டு ஓரத்தில் இருப்பவர்கள் மட்டும் நன்றாக யோசித்து வாங்குங்கள், யானைக்கு மூங்கில் என்றால் உயிர்.

இந்த ஆடிக்கும் அதே நர்சரிக்குத்தான் போகிறேன், வேலிக்கு இன்னும் எட்டு மல்டிபிளெக்ஸ் வேண்டும். இந்தத் தடவை ஏற்றுவதற்கு முன் ஒவ்வொரு கன்றின் கணுவையும் விரலால் தடவிப் பார்த்துத்தான் எடுப்பேன். போகிறவர்கள் காலை பத்து மணிக்குள் போய்விடுங்கள், அந்தப் பாட்டி மதியத்துக்கு மேல் இருக்க மாட்டார்.