ஆளைக் குறிவைக்கும் இயந்திரம்: முழுத் தடையா, வரம்பா, இருக்கிற சட்டமே போதுமா?

தானே குறியைத் தேடி, தானே முடிவெடுத்துக் கொல்லும் ஆயுதங்களை என்ன செய்வது என்பதில் உலக நாடுகள் ஏறக்குறைய மூன்று அணியாக நிற்கின்றன. முழுவதும் தடை செய்யச் சொல்வது ஒரு அணி. சிலவற்றைத் தடை செய்து, மற்றவற்றுக்கு வரம்பு போடச் சொல்வது இன்னொன்று. இருக்கிற போர்ச் சட்டமே போதும் என்பது மூன்றாவது. இந்தியா இந்த மூன்றாவது அணியில் இருக்கிறது.

நான் பெங்களூரில் கேமராப் படங்களில் உள்ளதை அடையாளம் காணும் மென்பொருள் எழுதுகிறேன். எங்கள் நிறுவனத்துக்கு ட்ரோன் படம் சம்பந்தப்பட்ட ராணுவ வேலை வந்தபோது, எதில் சேர்வேன், எதில் சேரமாட்டேன் என்று எழுதிக் கொடுக்க வேண்டியிருந்தது. வாகனம், ராடார், ஏவுதளம் போன்றவற்றை அடையாளம் காணும் பகுதியில் சேர்ந்தேன். மனித உருவத்தைக் குறியாக எடுத்துக் கொடுக்கும் பகுதிக்கு வரமாட்டேன் என்று எழுதினேன். ஆக, நான் இரண்டாவது அணி. அந்தச் சார்போடுதான் இதை எழுதுகிறேன்.

இந்த ஊரில் இது எங்கேயோ நடக்கும் விவாதம் இல்லை. போர் விமானம் செய்யும் எச்.ஏ.எல்., ராணுவ மின்னணுக் கருவிகள் செய்யும் பி.இ.எல். இரண்டுக்கும் தலைமையகம் இங்கேதான். அரசின் ராணுவ ஆய்வு அமைப்பான டி.ஆர்.டி.ஓ.வின் செயற்கை நுண்ணறிவு, ரோபோ ஆய்வு மையம் சி.வி. ராமன் நகரில் இருக்கிறது. 2025 மே மாதம் ஆபரேஷன் சிந்தூரில், வானில் வட்டமிட்டுக் குறி கிடைத்ததும் பாயும் ட்ரோன் குண்டுகளை இந்தியா பயன்படுத்தியது. அதற்கு அப்புறம் கணினிப் பொறியாளர்கள் கூடும் இடங்களில் எல்லாம் இந்தப் பேச்சு வந்துவிடுகிறது.

இயந்திரத்துக்கு இரக்கம் கிடையாது என்று ஒரு தரப்பும், இயந்திரம் ஆத்திரத்தில் சுடாது என்று மறு தரப்பும் சொல்லும். இரண்டும் உண்மைதான். ஆனால் இவற்றை வைத்து ஒரு பக்கம் சாய முடியாது என்பதால் நீட்டாமல் விடுகிறேன்.

முதலில் இந்தியாவின் நிலை. 1980இல் உருவான, மரபு ஆயுதங்கள் (அணு, ரசாயன, உயிரியல் ஆயுதங்கள் அல்லாதவை) சிலவற்றைப் பற்றிய உடன்படிக்கையின் கீழ்தான் ஜெனீவாவில் இந்தப் பேச்சுவார்த்தை நடக்கிறது. அதற்கான நிபுணர் குழுவுக்கு 2017இல் தலைமை வகித்தவரே இந்தியத் தூதர் அமன்தீப் சிங் கில். பொறுப்பை இயந்திரத்தின் தலையில் கட்ட முடியாது, மனிதரிடமே அது இருக்க வேண்டும் என்பது உட்பட 11 கொள்கைகளை 2019இல் எல்லா நாடுகளும் ஏற்றன. அதுவரை சரி. ஆனால் 2023 டிசம்பரில், இந்த ஆயுதங்களைப் பற்றி அவசரமாக ஆராய வேண்டும் என்ற தீர்மானம் ஐ.நா. பொதுச்சபைக்கு வந்தபோது 152 நாடுகள் ஆதரிக்க, எதிர்த்த 4 நாடுகளில் இந்தியாவும் ஒன்று. ரஷ்யா, பெலாரஸ், மாலி மற்ற மூன்று.

இந்தியாவின் காரணங்களை நான் அலட்சியம் செய்யவில்லை. இரண்டு எல்லைகளில் நெருக்கடி உள்ள நாடு, எதிரி கையெழுத்திடாத ஒன்றில் தான் மட்டும் கையைக் கட்டிக்கொள்ளத் தயங்குவது புரிகிறது. தொழில்நுட்பத்தில் முந்திய நாடுகள் தங்களுக்கு வேண்டியதைச் செய்து முடித்துவிட்டு அப்புறம் கதவைச் சாத்தும் என்ற பயமும் அனுபவத்தில் வந்தது. எனக்கு உறுத்துவது வேறு இடம். புதிய ஆயுதம் ஒவ்வொன்றையும் சட்டப்படி சோதித்துப் பார்க்க வேண்டும் என்ற கடமை, 1977ஆம் ஆண்டின் ஜெனீவா கூடுதல் நெறிமுறையின் 36ஆம் பிரிவில் எழுதப்பட்டிருக்கிறது. இந்தியா அந்த நெறிமுறையில் சேரவில்லை. இருக்கிற சட்டமே போதும் என்று சொல்லும் நாடு, அந்தச் சட்டத்தில் இந்த விஷயத்துக்கு மிக நெருங்கிய பிரிவுக்கு வெளியே நிற்கிறது.

அடுத்து முழுத் தடை. கொலைகார ரோபோக்களை நிறுத்துவோம் என்ற இயக்கம் 2013இல் தொடங்கியது. முழுத் தடையோ வரம்போ, சட்டப்படி கட்டுப்படுத்தும் உடன்படிக்கை வேண்டும் என்று இன்று 120க்கும் மேற்பட்ட நாடுகள் கேட்கின்றன. முன்னுதாரணமும் இருக்கிறது. கண்ணைக் குருடாக்கும் லேசர் ஆயுதங்கள் போர்க்களத்தில் பரவுவதற்கு முன்பே 1995இல் தடை செய்யப்பட்டன. தடை என்ற சொல்லுக்கே ஒரு பலம் உண்டு. அதை மீறுகிறவன் ஊரறியக் குற்றவாளி ஆகிறான்.

ஆனால் எதைத் தடை செய்வது என்று எழுத உட்காரும்போது சிக்கல் வருகிறது. போர்க்கப்பல்களில் பாய்ந்து வரும் ஏவுகணையைத் தானே கண்டு சுட்டு வீழ்த்தும் பீரங்கிகள் பல பத்தாண்டுகளாக இருக்கின்றன. சில நொடிகளில் முடிகிற விஷயம் என்பதால் அங்கே மனிதக் கை ஈடுகொடுக்காது. தடை கேட்பவர்களில் பலரும் இவற்றை விட்டுவிடலாம் என்கிறார்கள். அப்படி ஒன்றை விலக்கத் தொடங்கினால், எதை விலக்குவது, எந்த நிபந்தனையில் என்ற கேள்வி வரும். அதற்குப் பதில் எழுதினால் அது இரண்டாவது அணியின் திட்டம்தான்.

சர்வதேசச் செஞ்சிலுவைக் குழு 2021இல் முன்வைத்தது அந்தத் திட்டம். எப்படி நடந்துகொள்ளும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாத ஆயுதங்களுக்குத் தடை. மனிதரையே குறியாகக் கொள்ளும் ஆயுதங்களுக்குத் தடை. மற்றவற்றுக்கு எந்த வகைக் குறி, எவ்வளவு பரப்பு, எவ்வளவு நேரம் என்ற வரம்புகள். பொதுமக்கள் இல்லாத இடம் என்ற நிபந்தனை. மனிதர் குறுக்கிட்டு நிறுத்தும் வழி.

நான் இந்தப் பக்கம் சாய்ந்ததற்கு ஒரே காரணம்தான் பெரியது: கையெழுத்துப் போட்ட பிறகு யார் எப்படிச் சரிபார்ப்பது?

ரசாயன ஆயுதத்தை எடுத்துக்கொள்வோம். அதற்குத் தொழிற்சாலை வேண்டும், குறிப்பிட்ட மூலப்பொருள்கள் வேண்டும், கிடங்கு வேண்டும். ஆய்வாளர்கள் நேரில் போய் எண்ணிப் பார்க்கலாம். இந்தியா தன் கையிருப்பை 1997இல் அறிவித்து, 2009இல் முழுவதும் அழித்து முடித்தது. அதைச் சர்வதேச ஆய்வாளர்கள் பார்த்து உறுதி செய்தார்கள். தன்னியக்க ட்ரோனில் எண்ணுவதற்கு எதுவும் இல்லை. மனிதர் அனுமதித்தால்தான் தாக்கும் ட்ரோனும், கேட்காமலே தாக்கும் ட்ரோனும் வெளியிலிருந்து பார்க்க ஒன்றே. அதே இறக்கை, அதே கேமரா, அதே வெடிமருந்து. வித்தியாசம் மென்பொருளில் ஒரு அமைப்பை மாற்றுவதில் இருக்கிறது. காலையில் ஆய்வாளர் பார்த்துவிட்டுப் போன ட்ரோனுக்கு மாலையில் புது மென்பொருள் ஏற்றலாம். நான் தினமும் செய்யும் வேலையே அதுதான், அதனால் இதை உறுதியாகச் சொல்கிறேன்.

அதனால் ஆயுதத்தை எண்ணும் சரிபார்ப்பு இங்கே எடுபடாது. பயன்பாட்டின் பதிவைத்தான் சரிபார்க்க வேண்டும். எந்த அதிகாரி அனுமதித்தார், எந்தப் பரப்புக்கு, எத்தனை மணி நேரத்துக்கு, எந்த வகைக் குறிகளுக்கு, எந்த மென்பொருள் பதிப்பில். இவ்வளவும் பிறகு யாரும் திருத்த முடியாதபடி பதிவாக வேண்டும். மென்பொருள் மாறினால் சோதனை மறுபடி முதலிலிருந்து நடக்க வேண்டும். இது செய்யக்கூடிய காரியம். விமானக் கருப்புப் பெட்டி நம்மிடம் இருக்கிறதே. ஆனால் வரம்புகள் எழுதப்பட்டிருந்தால்தான் பதிவை எதனோடு ஒப்பிடுவது என்று தெரியும். முழுத் தடை இந்த வரம்புகளை எழுதாது. இருக்கிற சட்டமே போதும் என்பவர்கள் எழுத வேண்டியதில்லை என்கிறார்கள்.

இது நடைமுறையில் நிற்குமா என்று யோசித்தபோது எனக்கு உதவியவர் அல்சூரில் எங்கள் தெருவில் இருக்கும் ஓய்வுபெற்ற சுபேதார். ராணுவப் பொறியியல் பிரிவான மெட்ராஸ் சாப்பர்ஸில் இருந்தவர். கண்ணிவெடி புதைப்பதும் எடுப்பதும் சாப்பர்களின் வேலை. 2001-02இல் பாகிஸ்தான் எல்லையில் படை குவித்த ஆபரேஷன் பராக்ரமின்போது அங்கே புதைத்ததையும், அதற்கப்புறம் தோண்டி எடுத்ததையும் பற்றிப் பேசும்போது அவர் சொன்னது: “ஏம்மா, ஆளைப் பாக்காம அடிக்கிற ஆயுதம் புதுசா என்ன? கண்ணிவெடி அதானே? வரைபடம் சரியா இருந்தா எடுக்கலாம். இல்லேன்னா நம்ம பையன் கால்தான் போகும்.”

கண்ணிவெடிக்கு இரண்டு சட்டப் பாதைகள் உண்டு. ஒன்று 1997ஆம் ஆண்டின் ஒட்டாவா உடன்படிக்கை. ஆளைக் கொல்லும் கண்ணிவெடிக்கு முழுத் தடை. இந்தியா, பாகிஸ்தான், சீனா, ரஷ்யா, அமெரிக்கா யாரும் சேரவில்லை. மற்றது, மேலே சொன்ன 1980 உடன்படிக்கையின் திருத்தப்பட்ட இரண்டாம் நெறிமுறை. கண்ணிவெடி கருவியில் அகப்படும்படி இருக்க வேண்டும், புதைத்த இடம் வரைபடத்தில் பதிவாக வேண்டும், பொதுமக்கள் உள்ளே போகாதபடி வேலியும் கண்காணிப்பும் வேண்டும். இதில் இந்தியா சேர்ந்திருக்கிறது, பாகிஸ்தானும் சீனாவும்கூட. எதிரெதிர் எல்லையில் நிற்கும் மூன்று நாடுகளும் ஒரே வரம்புக்குக் கட்டுப்பட்ட உதாரணம் கையில் இருக்கும்போது, அந்த வழியில் போகாமல் இருப்பதற்கு எனக்கு நியாயம் தெரியவில்லை.

நேர்மையாக இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அந்த நெறிமுறை போதாது என்ற அதிருப்தியில்தான் ஒட்டாவாவே பிறந்தது. ஒட்டாவாவுக்கு அப்புறம் கண்ணிவெடி வியாபாரம் வெகுவாகப் படுத்தது. கையெழுத்திடாத நாடுகளும் கொஞ்சம் கூச்சப்பட்டன. ஆனால் 2025இல், ரஷ்யாவுக்குப் பயந்து லிதுவேனியா, லாட்வியா, எஸ்டோனியா, பின்லாந்து, போலந்து ஐந்தும் அதிலிருந்து வெளியேற முடிவெடுத்தன. முழுத் தடைக்குப் பலம் உண்டு, ஆபத்து வீட்டு வாசலுக்கு வந்தால் அது தாங்குவதில்லை. அதனால்தான் தடையைச் சின்னதாக, மறுக்க முடியாததாக வைக்க வேண்டும் என்கிறேன். மனிதரைக் குறிவைக்காதே என்பது அப்படிப்பட்டது.

மனிதருக்கு ஏன் தனிக் கோடு? என் தொழில் அனுபவம்தான். ராடாருக்கு ஒரு வடிவம், ஒரு அலைவரிசை உண்டு. போராளிக்கு அப்படி எதுவும் கிடையாது. தோளில் குழாய் சுமந்து போகும் பிளம்பரும் ஆயுதம் சுமந்து போகிறவரும் மாலை வெளிச்சத்தில், மேலிருந்து எடுத்த படத்தில், ஒரே மாதிரி தெரிவார்கள். சரணடைபவர் கையைத் தூக்குவதும், கல்லெறிபவர் கையைத் தூக்குவதும் அப்படித்தான். இன்னும் மோசம், மென்பொருள் தான் பார்த்தே பழகாத ஒன்றைக்கூட மிகுந்த நம்பிக்கையோடு தவறாகச் சொல்லும். சந்தேகப்படத் தெரியாது அதற்கு. சாலைக் கேமராவில் இது நடந்தால் நாங்கள் படத்தைச் சேர்த்து மறுபடி பயிற்சி கொடுப்போம். போரில் அந்த மறுபடி கிடையாது.

ஒரு மனிதர் பொத்தான் பக்கத்தில் இருந்தால் போதும் என்று நினைப்பதும் ஆபத்து. 2003 மார்ச்சில் ஈராக் போரில் அமெரிக்காவின் பேட்ரியாட் என்ற வான் பாதுகாப்பு ஏவுகணை அமைப்பு, நட்பு நாடான பிரிட்டனின் டொர்னேடோ விமானத்தை ஏவுகணை என்று காட்டியது. இயக்கியவர்கள் நம்பிச் சுட்டார்கள். விமானத்தில் இருந்த இருவரும் இறந்தார்கள். இயந்திரம் சொன்னதைச் சோதிக்க நேரமும் வேறு தகவலும் கிடைக்காத மனிதர் கட்டுப்படுத்துகிறார் என்று சொல்ல முடியாது. அனுமதித்தவர் பெயரோடு, முடிவெடுக்க அவருக்குக் கிடைத்த நேரமும் பதிவில் இருக்க வேண்டும் என்று நான் கேட்பது இதனால்தான்.

என் வாதம் மெலியும் இடம் சிக்னல் முடக்கம். உக்ரைனில் இரு தரப்பும் ட்ரோன் தொடர்பை முடக்குகின்றன. தொடர்பு அறுந்தால் அனுமதி கேட்க ஆளில்லை. கடைசிக் கட்டத்தை ட்ரோனே பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற அழுத்தம் அங்கே தினமும் கூடுகிறது. நான் போர்க்களம் பார்த்தவள் இல்லை. பக்கத்தில் தோழர் சாகும்போது ஒரு படைவீரர் எந்த வரம்பை மதிப்பார் என்பதில் என்னைவிட சுபேதாரின் சொல்லுக்குத்தான் எடை அதிகம். தொடர்பு அறுந்தால் ட்ரோன் திரும்பிவிட வேண்டும் என்பது என் விருப்பம். மனிதர் முன்பே தேர்ந்தெடுத்த ஒரே குறியை மட்டும் அது தொடரலாம் என்கிறார் அவர். அதை ஏற்கலாம் என்றே படுகிறது. புதுக் குறியைத் தானே தேடுவதற்கு மட்டும் அவரும் ஒத்துக்கொள்ளவில்லை.

வாகனத்திலும் மனிதர்தானே இருக்கிறார் என்ற கேள்விக்கும் என்னிடம் முழுப் பதில் இல்லை. பாலைவனத்தில் நிற்கும் டாங்கி வேறு, ஊருக்குள் நிற்கும் லாரி வேறு. ஜெனீவாவில் நிபுணர் குழு தன் வேலையை அந்த 1980 உடன்படிக்கையின் 2026 நவம்பர் மறுஆய்வு மாநாட்டில் வைக்க வேண்டும்; அங்கே இந்தியா, ஊருக்குள் இயந்திரம் குறி தேடக் கூடாது என்ற வரம்பையாவது முன்மொழிய வேண்டும் என்று விரும்புகிறேன். எங்கள் வேலையில், குடியிருப்புப் பகுதிக்குள் நுழைந்ததும் குறி தேடும் பகுதி தானாக அணைந்துவிடும்படி வரைபடப் பூட்டு வைக்கக் கேட்டு எழுதியிருக்கிறேன். அது வரும்வரை லாரிப் படங்களில் கை வைக்கப்போவதில்லை.