ஸ்டேஜ்-டாப் இன்குபேட்டர்: திரை காட்டும் 37 டிகிரியை நம்பலாமா?

உயிருள்ள செல்களைப் படமெடுக்கப் பயிற்சிக்கு வருபவர்கள் முதலில் லேசரையும் கேமராவையும் பற்றித்தான் கேட்பார்கள். பல ஆண்டுகளாக ஸ்டேஜ்-டாப் இன்குபேட்டரை, அதாவது நுண்ணோக்கியின் மேடைமேல் அமர்ந்து செல்கள் உள்ள டிஷ்ஷைச் சூடாக வைத்திருக்கும் சிறு பெட்டியை, பயன்படுத்தியும் சொல்லிக்கொடுத்தும் வந்ததில் தெரிந்தது, விடிய விடிய ஓடும் பதிவைக் கெடுப்பது பெரும்பாலும் வெப்பம்தான்.

நுண்ணோக்கி முழுவதையும் மூடும் பெட்டியைவிட இந்தச் சிறு இன்குபேட்டருக்கு விலை குறைவு, செல்களுக்காகச் செலுத்தும் கார்பன் டை ஆக்சைடும் கொஞ்சமே செலவாகும். குறை என்னவென்றால், டிஷ் மட்டும்தான் சூடாகிறது. டிஷ்ஷுக்குக் கீழே இருக்கும் ஆப்ஜெக்டிவ் லென்ஸ், அறையின் 22 டிகிரியிலேயே நிற்கும். லென்ஸுக்கும் டிஷ்ஷின் கண்ணாடிக்கும் நடுவே விடும் எண்ணெய் வழியாக அது டிஷ்ஷின் சூட்டை உறிஞ்சிவிடும். திரையில் 37 என்று இருந்தாலும் நாம் படமெடுக்கிற நடுப்பகுதி சில டிகிரி குறைவாகவே இருக்கும். ஆப்ஜெக்டிவ் ஹீட்டர் இல்லாமல் இதை வாங்கவே வேண்டாம். ஒரு டிஷ்ஷில் தண்ணீர் ஊற்றி, எண்ணெய் கண்ணாடியைத் தொட்டிருக்கும் நிலையில், லென்ஸுக்கு நேர் மேலே வெப்பம் அளக்கும் மெல்லிய தெர்மோகப்பிள் கம்பியை வைத்து அளந்து பாருங்கள். அங்கே 37 வரும்வரை செட்டிங்கை ஏற்றுங்கள். பயிற்சியின் முதல் நாளே ஒவ்வொருவரும் தம் கையால் செய்ய வேண்டிய வேலை இது.

அடுத்த தொல்லை ஃபோகஸ் நகர்வது. 100 மில்லிமீட்டர் அலுமினியம் 1 டிகிரி சூடேறினால் சுமார் 2.3 மைக்ரோமீட்டர் நீளும். 1.4 என்.ஏ. (லென்ஸ் எவ்வளவு அகலமான கோணத்தில் ஒளியைச் சேர்க்கும் என்பதன் அளவு) உள்ள லென்ஸில் கூர்மையாகத் தெரியும் ஆழமோ 1 மைக்ரோமீட்டருக்கும் குறைவு. சிங்கப்பூரில் ஏர்கான் இல்லாத ஆய்வகம் ஏது? அதன் காற்று நேராக மேடையில் வீசினால், அறை வெப்பம் ஏறி இறங்கும் போதெல்லாம் படம் மங்கித் தெளியும். காற்றை வேறு பக்கம் திருப்பி, 2 மணி நேரம் முன்பே எல்லாவற்றையும் ஓட விட்டால் பெருமளவு அடங்கும். மீதியைத் தானியங்கி ஃபோகஸ் திருத்தி பார்த்துக்கொள்ளும். டிஷ்ஷின் கண்ணாடியும் மீடியமும் (செல்கள் வாழும் ஊட்டத் திரவம்) சந்திக்கும் பரப்பில் பட்டுத் திரும்பும் அகச்சிவப்பு ஒளியை வைத்து அது வேலை செய்கிறது. எண்ணெயில் குமிழி இருந்தால் தடுமாறும்.

கண்ணாடி அடிப்பாகம் 0.17 மில்லிமீட்டர் இருக்கும் டிஷ்ஷையே எடுங்கள். சாதாரண பிளாஸ்டிக் டிஷ்ஷின் அடி தடிமன் என்பதால் 60 மடங்கு எண்ணெய் லென்ஸ் செல்களை எட்டாது.

ஈரப்பதத்தைப் பலர் மறந்துவிடுகிறார்கள். சூடான ஈர வாயு குளிர்ந்த அறையில் கிடக்கும் குழாய்க்குள் நீராகிச் சொட்டும். குழாயைக் குட்டையாக வைத்து, மேலே நுரைப்பஞ்சு சுற்றுங்கள். ஈரமூட்டும் பாத்திரத்தில் காய்ச்சி வடித்த நீர் நடுராத்திரியில் வற்றினால் மீடியத்தின் செறிவு ஏறும், செல்கள் சுருங்கும். காலையில் பார்ப்பவர்கள் மருந்தின் விளைவு என்று எழுதிக்கொள்வார்கள். இந்தத் தவறு மிகவும் வருத்தம் தருவது.

கழற்றிய ஆப்ஜெக்டிவ்களை மேசை இழுப்பறையில் வைக்காதீர்கள், இந்த ஊர் ஈரத்துக்குப் பூஞ்சை பிடிக்கும். 40 முதல் 50 சதவீத ஈரப்பதத்தில் டிரை கேபினெட்டில் வையுங்கள்.

இனி ஒளி. ஆய்வகங்களில் பரவலாக வளர்க்கப்படும் மனிதப் புற்றுநோய் செல்லான ஹீலா செல் பிரிந்து முடிய ஏறத்தாழ ஒரு மணி நேரம் போதும். 5 நிமிடத்துக்கு ஒரு படம் எடுத்தாலே 12 படங்கள் கிடைக்கும். 10 விநாடிக்கு ஒன்று எடுத்தால் 360 முறை ஒளி பாயும், அது செல்களைப் பாதிக்கும். அதே டிஷ்ஷில் லேசரே படாத ஓர் இடத்தைக் குறித்துவைத்து, மறுநாள் அங்குள்ள செல்களையும் எண்ணுங்கள். அங்கே பெருகி, இங்கே உருண்டு நின்றுவிட்டால் லேசரைக் குறைத்து, இடைவெளியைக் கூட்டி, மறுபடி தொடங்குங்கள்.