தபேபுயா பூத்த பெங்களூருத் தெரு: அக்ரிலிக்கா, ஆயிலா?

கட்டடமும் மரமும் கலந்து நிற்கும் தெருக்காட்சியை அடுக்கடுக்காக வண்ணமேற்றி வரைய, எண்ணெயில் குழைத்த ஆயில் வண்ணத்தைவிட, நீரில் நீர்க்கும் அக்ரிலிக் வண்ணமே என் தேர்வு. ஆயிலை நீர்க்கச் சேர்க்கும் டர்பன்டைனின் வாடை ஒற்றை ஜன்னல் அறைக்கு ஆகாது என்பது எல்லாருக்கும் தெரிந்ததுதான். அது முக்கியக் காரணமல்ல. காயும் நேரம்தான் காரணம்.

கப்பன் பார்க் பக்கம் ஆண்டின் தொடக்கத்தில் இளஞ்சிவப்பாகத் தபேபுயா மரங்கள் பூக்கும். பின்னால் தூங்குமூஞ்சி மரங்களின் பச்சை. ஈரப் பச்சைமேல் இளஞ்சிவப்பை இழுத்தால் இரண்டும் எதிர்நிறங்கள், குழைந்து சாம்பலாகிவிடும். பூவின் துடிப்பே போய்விடும். அக்ரிலிக்கின் மெல்லிய பூச்சு 15–20 நிமிடத்தில் காய்வதால் ஒரே மாலையில் நாலைந்து அடுக்கு ஏற்றலாம். முதலில் கேன்வாஸ் முழுக்க நீர்த்த பர்ன்ட் சியன்னா (செம்பழுப்பு). அதன்மேல் அல்ட்ராமரைனும் (அடர்நீலம்) பர்ன்ட் அம்பரும் (அடர்பழுப்பு) கலந்து நிழல் திரள்கள். பிறகு ஒரு அங்குலத் தட்டை பிரஷ்ஷால் பச்சை. கீழ்நிறம் அங்கங்கே தெரியட்டும். கடைசியில், துணியில் துடைத்த முரட்டுப் பன்றிமுடி பிரஷ்ஷில் இளஞ்சிவப்பைத் தொட்டுப் படுக்கவைத்து இழுத்தால் பூ உதிரி உதிரியாக விழும். இலைகளுக்கிடையே தெரியும் வானத்தை, திறந்த வானத்தைவிட ஒரு படி அடர்த்தியாக வையுங்கள். அதே நிறத்தில் வைத்தால் ஒட்டுப் போட்டதுபோல் துருத்தும்.

ஆயிலில் இதே அடுக்குகளுக்கு நாள்கணக்கில் காத்திருக்க வேண்டும். எத்தனை நாள் என்று அறுதியிட முடியாது: பர்ன்ட் அம்பர் சீக்கிரம் காயும், டைட்டானியம் ஒயிட் ஒரு வாரம்கூட இழுக்கும். கீழே எண்ணெய் குறைவு, மேலே அதிகம் என்ற வரிசை மாறினால் பின்னாளில் வெடிப்பு விடும். ஆனால் மாலைப் புழுதியில் கட்டட விளிம்பு வானத்தோடு கரையும் அந்த மென்மை ஆயிலுக்கே உரியது. அக்ரிலிக் அங்கே தோற்கிறது.

அக்ரிலிக்குக்கும் தொல்லை உண்டு. காய்ந்ததும் ஒரு சாயல் கறுக்கும். கொஞ்சம் வெளிறக் கலக்க வேண்டும். மார்ச் வெயிலில், வண்ணம் கலக்கும் பேலட்டிலேயே ஆடை கட்டிவிடும். ஈரத் துணிமேல் பட்டர் பேப்பர் விரித்து அதில் கலந்தால் தாங்கும். காய்வதைத் தாமதப்படுத்தும் ரிடார்டரை அதிகம் ஊற்றினால் பிசுபிசுப்பு போகாது.

வானம் மட்டும் குழைந்து வர வேண்டுமானால், அக்ரிலிக் அடுக்குகள் நன்றாகக் காய்ந்தபின் மேலே ஆயிலைப் பூசலாம். ஆயில்மேல் அக்ரிலிக் கூடாது, உரிந்து வந்துவிடும்.