பணம் திரும்பி வந்ததும் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள்

2019-இல் அப்பா எங்கள் பேரூராட்சி பில் கலெக்டரிடம் சொத்து வரி பாக்கி, குடிநீர் டெபாசிட் எல்லாம் சேர்த்து 6,850 ரூபாய் கட்டினார். எங்கள் திண்ணையில் உட்கார்ந்துதான் அவர் ரசீது எழுதினார். அப்பா காலமான பிறகு வரியைப் பெயர் மாற்றப் போனால், 6,000 ரூபாய் பாக்கி என்றார்கள்.

ரசீதைக் காட்டினேன். ரொம்ப நேரம் தேடி, ரசீதின் நகல் அலுவலகத்தில் தங்கும் அடிக்கட்டைப் புத்தகத்தை எடுத்து வந்தார்கள். அதே எண், அதே தேதி, அதே கையெழுத்து. தொகை மட்டும் 850. கார்பன் வைத்து எழுதியிருந்தால் அடிக்கட்டையில் நீலம் மங்கலாக இறங்கியிருக்கும். அதிலும் பளிச்சென்று பேனா எழுத்து! கார்பனை எடுத்துவிட்டு இரண்டையும் தனித்தனியாக எழுதியிருக்கிறார்.

மூன்றாம் நாள் அந்த பில் கலெக்டரே 6,000 ரூபாயோடு வீட்டுக்கு வந்து நின்றார். "தம்பி, கைத்தவறா நடந்துபோச்சு, பிள்ளைங்க படிக்குது" என்றார். அம்மா இரக்கப்பட்டாள். தவறுதலாக நடந்தது, எனக்குப் புகார் இல்லை என்று அவரே எழுதி வந்த கடிதத்தில் கையெழுத்துப் போட்டு, அசல் ரசீதையும் கொடுத்துவிட்டேன்.

இரண்டு மாதத்தில் எதிர்வீட்டு அக்காவுக்கு 4,200 ரூபாய் பாக்கி என்று நோட்டீஸ் வந்தது. அவரும் இதே ஆளிடம்தான் கட்டினார். ரசீதை எங்கே வைத்தார் என்று தெரியவில்லை. அலுவலகத்தில் கேட்டால், என் கடிதத்தையே எடுத்து நீட்டுகிறார்கள். அந்த ஆள் யோக்கியர் என்பதற்கு நான்தான் சாட்சியாம். அன்றைக்கு அக்கா முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அப்புறம்தான் ஒரு வழக்கறிஞரிடம் போனேன். அரசு ஊழியர் தன் பொறுப்பில் வந்த பணத்தைக் கையாடினால் இந்திய தண்டனைச் சட்டம் பிரிவு 409: ஆயுள் தண்டனை, அல்லது 10 ஆண்டு வரை சிறை, கூடவே அபராதம். 1.7.2024 அன்றோ அதற்குப் பிறகோ நடந்தது என்றால், அந்தச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதா பிரிவு 316(5). கொஞ்ச காலம் வைத்திருந்து திருப்பிக் கொடுத்தாலும் கையாடல்தான் என்று சட்டத்திலேயே விளக்கம் இருக்கிறது. இது சமரசம் செய்துகொள்ளக்கூடிய குற்றமும் இல்லை. நான் போட்ட கையெழுத்தால் வழக்கு இல்லாமல் போய்விடாது. இத்தனை வருஷம் ஆகிவிட்டதே என்று விடவும் வேண்டாம், இவ்வளவு பெரிய தண்டனையுள்ள குற்றத்துக்குக் காலவரம்பு கிடையாது.

ஆனால் பணம் அவர் கைக்குப் போனது என்பதை நிரூபித்தாக வேண்டும். அதற்கு இருந்த ஒரே காகிதத்தைத்தான் நான் தூக்கிக் கொடுத்தேன். நல்லவேளை, முன்பே எடுத்த போட்டோ போனில் இருந்தது. அதை வைத்துப் புகார் கொடுத்தேன். "பணம்தான் வந்திருச்சே" என்று ஸ்டேஷனில் இரண்டு முறை திருப்பி அனுப்பினார்கள். மூன்றாம் முறை, புகாரைப் பெற்றுக்கொண்டதற்கு போலீஸ் தரும் சிஎஸ்ஆர் ரசீது வாங்காமல் நகரவில்லை.

கையால் எழுதிய பழைய வரி ரசீது வைத்திருப்பவர்கள் தயவுசெய்து வெளிச்சத்தில் வைத்து ஒரு போட்டோ எடுங்கள். அலுவலகத்தில் அடிக்கட்டையைக் காட்டச் சொல்லுங்கள். மறுத்தால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனு போட்டு நேரில் பார்க்கலாம். அசலை மட்டும் யார் கேட்டாலும் கொடுக்காதீர்கள், நகல் போதும். எங்கள் தெருவில் இதுவரை மூன்று வீட்டு ரசீதுகளைப் பார்த்துவிட்டோம். அக்கா தன்னுடையதை இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார்.